அலெக்சாந்திரியாவுக்குப் போன கடிதங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆர்க்கிமிடீஸ் என்றதும் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து 'யுரேகா' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அந்தக் கதையை நமக்குச் சொன்னவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். அதுவும் ஆர்க்கிமிடீஸ் மறைந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. ஆர்க்கிமிடீஸ் தாமே எழுதிய கடிதங்களின் படிகளே நம்மிடம் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்த ஓட்டத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு வெகுநாளாகக் குறை. இன்று கடிதங்களைப் பற்றியே பேசுகிறேன்.

கி.மு. 287 வாக்கில் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தை ஃபெய்டியாஸ் வானியல் அறிந்தவர். ஆனால் அக்காலத்தில் கணிதம் பேச ஆள் வேண்டுமென்றால் கடலுக்கு அப்பால் எகிப்தின் அலெக்சாந்திரியாவைத்தான் நாட வேண்டும். அங்கே கோனன் என்றொரு வானியலாளர் இருந்தார். ஆர்க்கிமிடீஸின் நெருங்கிய நண்பர். கண்டுபிடித்த முடிவுகளை மட்டும் எழுதி அவருக்கு அனுப்புவார். நிரூபணத்தை அங்கிருப்பவர்கள் தேடட்டும் என்று விட்டுவிடுவார். கோனன் இறந்துபோனார். அதன்பின் கடிதங்கள் டோசிதியஸ் என்பவருக்குப் போகின்றன, 'நீங்கள் கோனனை அறிந்தவர், வடிவியலும் தெரிந்தவர்' என்ற காரணத்தால். பின்னொரு கடிதத்தில், கோனன் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் கணக்குகளை ஒருவரும் அசைத்ததாகத் தெரியவில்லை என்று எழுதுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அதே கடிதத்தில்தான், முன்பு அனுப்பியவற்றுள் இரண்டு முடிவுகள் தவறானவை என்றும் சொல்கிறார். நிரூபணம் எதையும் காட்டாமல் எல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் அகப்பட்டுக்கொள்ளட்டும் என்பதற்காகவாம்! கணிதத்தில் நேர்மையை அவர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நாம் பள்ளியில் பை மதிப்பாக எழுதிய 22/7 அவருடைய கணக்கிலிருந்து வந்த எல்லை. வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அறுகோணம் வரைந்து, பக்கங்களை 12, 24, 48 என்று இரட்டித்து 96 வரை கொண்டுபோனார். பையின் மதிப்பு 223/71-ஐ விடப் பெரியது, 22/7-ஐ விடச் சிறியது என்று நிறுவினார். அவரிடம் பூச்சியம் இல்லை, தசமப் புள்ளி இல்லை. கிரேக்க எழுத்துகளையே எண்களாகக் கொண்டு கணக்கிட வேண்டும். 3-இன் வர்க்கமூலம் 265/153-க்கும் 1351/780-க்கும் இடையில் இருக்கிறது என்று ஒரு விளக்கமும் தராமல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: இரண்டாவது பின்னம் ஆறாவது தசம இடத்தில்தான் பிசகுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அலெக்சாந்திரியாவில் இருந்த அறிஞர் எரடோஸ்தனீஸுக்கு எழுதிய கடிதம். 'முறை' என்று அதற்குப் பெயர். நிரூபணங்களைத் தேடுவதற்கு முன் விடையை எப்படி மோப்பம் பிடித்தார் என்பதை அதில் திறந்து சொல்கிறார். கோளத்தையும் கூம்பையும் மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்ததாகக் கற்பனை செய்துகொண்டு, நெம்புகோலின் ஒரு முனையில் தொங்கவிட்டு, மறுபுறம் உருளையின் தகடுகளோடு சமன் பார்க்கிறார். கோளத்தின் கனஅளவு அதைச் சரியாக அடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது இப்படித்தான் அவருக்குப் புலப்பட்டது. இது நிரூபணம் ஆகாது என்றும் அவரே சொல்லிவிடுகிறார். பிறகு ஏன் எழுதினார்? இன்றிருப்பவர்களோ இனி வருபவர்களோ இந்த வழியில் தமக்குத் தோன்றாத தேற்றங்களையும் கண்டுபிடிப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

கி.மு. 212-இல் ரோமானியப் படை சிராக்யூஸைக் கைப்பற்றியபோது ஒரு வீரனால் அவர் கொல்லப்பட்டார். 'முறை' கடிதமும் ஏறக்குறைய அழிந்தே போனது. 10-ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட படி ஒன்றின் எழுத்துகளைச் சுரண்டி, தாள்களை மடித்து, 1229-இல் அதன்மேல் குறுக்காகப் பிரார்த்தனைகளை எழுதிவிட்டார்கள். தோல் அரிய பொருள். அந்த எழுத்தரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1906-இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் கான்ஸ்டாண்டிநோபிளில் அந்த நூலைப் பார்த்து, பிரார்த்தனை வரிகளுக்கு அடியில் மங்கித் தெரிந்தது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுகொண்டார். பின்பு அது கண்ணில் படாமல் போய், 1998-இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைப் பால்டிமோர் நகர வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆய்வுக்கு ஒப்படைத்தார். சில பக்கங்களின் மேல் யாரோ போலிச் சித்திரங்களைத் தீட்டியிருந்தார்கள். பழைய மையில் இரும்பு இருந்ததால், ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி அந்த இரும்பின் தடத்தைப் பிடித்து எழுத்துகளை மீட்டார்கள். பக்கங்களின் படங்கள் 2008-இல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

கணிதம் படிக்கும் மாணவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், 'முறை' கடிதத்தின் முதல் தேற்றத்தை மட்டும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பரவளையத்தை ஒரு நேர்கோடு வெட்டும் துண்டின் பரப்பு, அதே அடியும் அதே உயரமும் கொண்ட முக்கோணத்தைப் போல மூன்றில் நான்கு பங்கு என்பது தேற்றம். தொகையிடலைத் தொடாமல், நெம்புகோலை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். நன்றி, வணக்கம்.