மாமன் வீடியோ காலில் இருக்கிறார்

நடுவர் அவர்களே, அவையில் உள்ள பெரியவர்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். கதவோரம் ஏன் என்று எனக்குத் தெரியும்.

'கைக்குழந்தையைத் தானே தூங்கப் பழக்குவது பாசமா, பொறுமையின்மையா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "தாலாட்டுப் பாடிய இனம் பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பார்க்கலாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். குரல் அப்படி.

ஆனால் அக்கா, அந்தத் தாலாட்டை ஒருமுறை உற்றுக் கேளுங்கள். மாமன் வருகிறார், அத்தை வருகிறார், சித்தி, பாட்டி என்று வரிசை கட்டி வருகிறார்கள். அவர்கள் பாட்டில் மட்டுமா இருந்தார்கள்? வீட்டிலும் இருந்தார்கள்! ஒருத்திக்குக் கை ஓய்ந்தால் தூளியை ஆட்ட இன்னொரு கை. சிங்கப்பூரில், செங்காங்கில் என் நாலறை வீட்டில் மாமன் எங்கே? திருச்சியில், வீடியோ காலில். அந்தக் காலால் தூளியை ஆட்ட முடியாது நடுவர் அவர்களே!

எனக்கு மகப்பேறு விடுப்பு 16 வாரம். மகன் 2025 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்தவன் என்பதால் அவன் அப்பாவுக்கு 4 வாரம். விடுப்பு தீர்ந்தது, விழிப்பு தீரவில்லை. ஏழு மாதம் வரை இரவில் ஆறு முறை, ஏழு முறை. இவர் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் தூங்கிப்போய், செங்காங்கைத் தாண்டி பொங்கோல் கோஸ்ட்டில் கண் விழித்திருக்கிறார். 2024 டிசம்பரில் திறந்த நிலையம், கடைசி நிலையம். சுற்றிப் பார்க்க யாரும் கூப்பிடாமலே இரண்டு முறை போய்விட்டார். நான் ஒருநாள் என் வீட்டுக் கேட்டில், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தட்டுகிற ஈசி-லிங்க் கார்டை வைத்துவிட்டு, 'பீப்' சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

சிரிக்கலாம். இதற்குச் சிரிக்க முடியாது: ஒரு விடிகாலை மூன்றரை மணி. பால் கொடுத்தபடி சோபாவில் சாய்ந்தேன். கண் திறந்தபோது பிள்ளை என் நெஞ்சில் இல்லை. மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்த இடுக்கில், முகம் பாதி புதைந்து கிடந்தான். மூச்சு இருந்தது. அவன் காது மடங்கி, சோபாத் துணியின் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது. பிள்ளையோடு சோபாவில் தூங்கிப்போவது எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள், நானும் படித்தவள்தான். படித்தது தெரிந்தே தூங்கிப்போனேன், ஏனென்றால் உடம்பு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. எதிரணி சொல்லும் பொறுமை அன்றைக்கு என்னிடம் நிறையவே இருந்தது. தூக்கம்தான் இல்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். எடின்பரோ கேள்வித்தாள் என்பார்கள். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987 முதல் இருப்பது. அதில் ஒரு கேள்வி, மன வருத்தத்தால் தூக்கம் வராமல் தவிக்கிறீர்களா என்று. தூக்கம் இல்லாமல்தான் மன வருத்தம் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

சரி, என்ன செய்தோம்? அழவிட்டுக் கதவைச் சாத்தினோமா? இல்லை அக்கா. பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்றுத் தூக்கம். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் லேசாக விழிக்கும். கையில் தூங்கியவன் தொட்டிலில் விழிக்கிறான். நீங்கள் கட்டிலில் தூங்கி, புளோக்கின் கீழே இருக்கும் வாய்ட் டெக் திறந்தவெளியில் கண் விழித்தால் கத்த மாட்டீர்களா? அதனால் விழிக்கும் இடத்திலேயே தூங்கவும் பழகட்டும் என்று, ஏழரைக்குக் குளியல், பால், அப்புறம் விளக்கணைப்பு, அதே பாட்டு. ஆமாம், தாலாட்டேதான்! முழுசாகத் தூங்கும் முன்னே மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதால் தட்டிக் கொடுப்பேன், பேசுவேன், தூக்க மாட்டேன். முதல் இரவு 48 நிமிடம். அழுதது இரண்டு பேர். மூன்று இரவுக்கு ஒருமுறை ஸ்டூலைத் தரையோட்டில் இரண்டு ஓடு தள்ளிப் போடுவேன். கதவுக்கு ஒன்பது ஓடு. ஸ்டூல் கதவைத் தாண்டியபோது அவன் விரலைச் சூப்பிக்கொண்டு தானே தூங்கியிருந்தான். மக்சிக்கிடம் முன்கூட்டியே சொல்லி முறுக்கும் கொடுத்திருந்தேன், சுவர் மெலிசு.

"மனசு முறிந்துவிடும்" என்றார் எதிரணித் தம்பி. ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில், தூக்கச் சிக்கல் இருந்த 326 குழந்தைகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்படிப்பட்ட முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது மனநலம், தாயோடு நெருக்கம், மன அழுத்தம் எல்லாம் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன், பழக்கிய பிள்ளை பெரிய அறிவாளியாகவும் வந்துவிடவில்லை. ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது, கற்றுக்கொண்ட தாய்மாரிடம் மனச்சோர்வு அறிகுறி குறைவாக இருந்தது. லாபம் அம்மாவுக்குத்தான். அதைச் சொல்ல நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மூன்று மாதக் குழந்தையிடம் இதைச் செய்யாதீர்கள். அதற்கு இராப்பால் வேண்டும், இரவு பகலே இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. காய்ச்சல் வந்தால், பல் முளைத்தால் தூக்கிக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் எதற்கும் மசிவதில்லை, என் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள். வற்புறுத்துங்கள் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை.

என் மாமியார் முதலில், "பெத்த வயிறு எப்படித் தாங்குது?" என்று கேட்டார். இப்போது விடுமுறைக்கு வந்தால் ஏழரைக்கு அவரே தண்ணீர் விளாவுகிறார்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டுத் தயங்குகிறார். தாராளமாக அடியுங்கள் ஐயா, சத்தமாகவே அடியுங்கள். எட்டே காலுக்கு இவர் அனுப்பிய செய்தி கைப்பேசியில் இருக்கிறது: 'தூங்கிட்டான். நானும் தூங்கப் போறேன்.'