டூம் வந்த பிறகு என்ன? ஊகங்களை நிறுத்துப் பார்த்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுத்து வரப்போகும் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி ஹட்டன் பஸ் நிலையத்திலும் பண்டாரவளை டியூஷன் வாசலிலும் நடக்கிற வாதங்களுக்குக் குறைவே இல்லை. டொக்டர் டூம் என்ற வில்லனின் முகமூடிக்குள் இருப்பது அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கா, புதிய வுல்வரின் யார், ஸ்பைடர்மேன் எந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை பொய்த்துப் போகின்றன. ரசிகர் கொமிக்ஸைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். ஸ்டூடியோவோ உரிமைப் பத்திரம், நாட்காட்டி, வசூல் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கதைக்கே வருகிறது. ஆகவே ஓர் ஊகம் காதில் விழுந்தால் அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழைய வழக்கு. 2021 தொடக்கத்தில் 'வாண்டாவிஷன்' தொடர் வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது, கடைசியில் மெஃபிஸ்டோ என்ற பேய் வில்லன் வரப்போகிறான் என்று ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். திரைச்சீலையில் உட்கார்ந்திருந்த ஒரு பூச்சியைக்கூட சாட்சிக்கு இழுத்தார்கள். தொடர் முடிந்தது, ஆள் வரவில்லை. அதே தொடரில், பழைய எக்ஸ்-மென் படங்களில் குவிக்சில்வராக நடித்த இவன் பீட்டர்ஸ் தலைகாட்டியதும் எக்ஸ்-மென்னுக்குக் கதவு திறந்துவிட்டது என்றார்கள். அவர் ரால்ஃப் போனர் என்ற சாதாரண ஊர்க்காரராகப் போய் முடிந்தார். மெஃபிஸ்டோ கடைசியில் 2025இல் 'அயர்ன்ஹார்ட்' தொடரில் வந்துசேர்ந்தான். ஆள் சரி, காலமும் இடமும் பிழை. கொமிக்ஸை மட்டும் நம்பிச் சொல்லும் ஊகங்களுக்கு வழக்கமாக நேர்வது இதுதான்.

சரி, உரிமையை எடுத்துக்கொள்வோம். கொமிக்ஸ் கம்பனியான மார்வல் கையில் காசில்லாமல் தவித்த 1990களில் தன் பாத்திரங்களின் திரைப்பட உரிமைகளை அங்குமிங்குமாகக் கொடுத்துவிட்டது. ஸ்பைடர்மேன் சோனியிடம் போனான். எக்ஸ்-மென்னும் ஃபன்டாஸ்டிக் ஃபோரும் ஃபொக்ஸிடம். 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபொக்ஸை வாங்கிய பிறகுதான் அந்த இரண்டு கூட்டமும் மார்வலின் வீட்டுக்குத் திரும்பின. அதற்கு முன்னால் அவெஞ்சர்ஸ் படத்தில் வுல்வரின் வருவான் என்று எவ்வளவு அழகாகக் காரணம் காட்டினாலும் அது வீண் வேலை. ஸ்பைடர்மேன் இன்றைக்கும் சோனியின் சொத்து. 2015இல் போட்ட உடன்பாட்டின்படி மார்வல் அவனைத் தன் கதைகளில் சேர்த்துக்கொள்கிறது. 2019 ஒகஸ்டில் அந்த உடன்பாடு முறிந்து, செப்டெம்பரில் மறுபடி ஒட்டியது. 2008க்குப் பிறகு ஹல்க்குக்குத் தனிப்படம் இல்லாமல் போனதற்கும் விநியோக உரிமை யூனிவர்சலிடம் இருந்ததே முக்கிய காரணம். யாராவது ஓர் ஊகம் சொன்னால் முதல் கேள்வி: அந்தப் பாத்திரம் இப்போது யாருடைய கையில்? ட்ரெய்லரின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் கம்பனிச் சின்னங்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது நாட்காட்டி. 2022 ஜூலையில் சான் டியாகோவில் நடக்கும் கொமிக்-கொன் ரசிகர் விழா மேடையில், 2025இல் காங்கை வில்லனாக வைத்து ஓர் அவெஞ்சர்ஸ் படம் வரும் என்று அறிவித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் கட்டிய கோட்டைகளுக்கு அளவில்லை. பிறகு நடந்தவை எதுவும் கதையில் இல்லாதவை. 2023இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். காங்காக நடித்த ஜொனாதன் மேஜர்ஸ் அதே ஆண்டு டிசெம்பரில் ஒரு வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட அன்றே மார்வல் அவரை விலக்கியது. 2024 ஜூலையில் அதே சான் டியாகோவில் படத்தின் பெயர் 'டூம்ஸ்டே' ஆனது. முன்பு அயர்ன்மேனாக நடித்த ரொபர்ட் டௌனி ஜூனியர் இம்முறை டூமின் பச்சை அங்கியோடு வந்து முகமூடியைக் கழற்றினார். 2026 மே மாதத்துக்கு இருந்த திகதியும் பின்னர் 2026 டிசெம்பர் 18க்குத் தள்ளிப்போனது. அதற்கடுத்த 'சீக்ரெட் வோர்ஸ்' 2027 டிசெம்பர் 17க்குப் போனது.

மேடையில் அறிவித்ததாலேயே ஒரு படம் வந்துவிடாது. 'பிளேட்' 2019இல் அறிவிக்கப்பட்டது. இயக்குநர்கள் மாறினார்கள், திகதிகள் மாறின, கடைசியில் நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். போட்டிக் கம்பனியான டீசீ பக்கத்தில் 'பேட்கேர்ல்' படப்பிடிப்பே முடிந்த பிறகு 2022 ஒகஸ்டில் தூக்கிப் போடப்பட்டது. ஆகவே அறிவிப்பை நான்கு படியாகப் பிரித்துப் பாருங்கள். பெயர் மட்டும் சொன்னார்களா, இயக்குநர் உறுதியா, திகதி உண்டா, படப்பிடிப்பு தொடங்கிவிட்டதா? முதல் படியில் நிற்கும் படத்தைப் பற்றிய ஊகத்துக்குச் சண்டை பிடித்து நட்பை இழக்க வேண்டியதில்லை. நான்காவது படிக்கு வந்துவிட்டால் பேச்சு வேறு. 'டூம்ஸ்டே' நடிகர் பட்டியல் 2025 மார்ச் 26 அன்று ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய நேரலையில், கதிரை கதிரையாகப் பெயர் காட்டி வந்தது. அடுத்த மாதமே லண்டன் பக்கம் படப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டது.

வசூல் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 'தண்டர்போல்ட்ஸ் 382 மில்லியன் டொலர் எடுத்திருக்கிறதே, அதற்கு அடுத்த பாகம் வராதா?' என்று கேட்கிறார்கள். மலையில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பதை அறியாதவர் இங்கே யாரும் இல்லை. படத்தின் வசூலும் அப்படித்தான். சுமார் பாதியைத் தியேட்டர் கழித்துக்கொள்ளும். சீனாவில் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது கால்வாசிதான். விளம்பரச் செலவு தனி. அதனால் தயாரிப்புச் செலவைப் போல் இரண்டரை மடங்கு எடுத்தால்தான் தியேட்டரில் முதல் திரும்பியது என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

போட்டுப் பாருங்கள். 2025இல் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' படத்துக்குச் செலவு சுமார் 180 மில்லியன் டொலர். இரண்டரையால் பெருக்கினால் 450. வந்தது 382. அதே ஆண்டு ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' செலவு சுமார் 225, தேவை 562, வந்தது 616 அளவில். முதலாவது குழுவுக்கு 'டூம்ஸ்டே'யில் கதிரை போட்டாயிற்று, ஆனால் தனியாக இன்னொரு படம் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவதின் தொடர்ச்சியாக 'மேன் ஒஃப் டுமாரோ' 2027 ஜூலை 9 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2023இல் 'த மார்வல்ஸ்' 206 மில்லியனோடு நின்றதற்கும், 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 1300 மில்லியனைத் தாண்டியதற்கும் பிறகு, பழைய எக்ஸ்-மென் நடிகர்கள் கதிரைகளில் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தக் கணக்கில் பொம்மை விற்பனையும் ஒன்லைன் ஒளிபரப்பும் சேரவில்லை. ஸ்பைடர்மேன் மாதிரி பொம்மைக் கடையிலேயே பிழைத்துக்கொள்ளும் பாத்திரங்களுக்கு இந்த அளவுகோல் சற்றுக் கடுமையானது.

இடமும் எண்ணப்பட வேண்டும். 2024 மே மாதம், அப்போது டிஸ்னியின் தலைமை நிர்வாகியாக இருந்த பொப் ஐகர், மார்வல் படங்கள் வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று சொல்லிவிட்டார். 'சீக்ரெட் வோர்ஸ்' முடிந்து 2028, 29, 30 மூன்று வருடம். ஆறு இடம், ஆகக்கூடினால் ஒன்பது. யூடியூப்பில் ஒருவர் பதினைந்து படப் பட்டியலோடு வந்தால், எந்த ஆறை வெட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

இனி ட்ரெய்லர். ஒரு வினாடிக்கு 24 சட்டகம். அதனால் வேகத்தை 0.25க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். கணினியில் யூடியூப் என்றால் நிறுத்திவைத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தலாம். ஒரு நாட்டின் பதிப்பை மட்டும் பார்ப்பது போதாது. 2021இல் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' ட்ரெய்லரின் பிரேசில் பதிப்பில், பல்லி வில்லன் பாயும்போது எதுவும் படாமலே அவன் தலை வெடுக்கென்று திரும்பியது. அடித்தவனைக் கணினியில் அழித்தவர்கள் அடியின் விளைவை அழிக்க மறந்துவிட்டார்கள். மூன்று வில்லன்கள் மூன்று திசையில் பாய, எதிரே ஒரே ஒரு ஸ்பைடர்மேன். முன்பு ஸ்பைடர்மேனாக நடித்த அன்ட்ரூ கார்ஃபீல்ட், தான் அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்று பேட்டிக்குப் பேட்டி மறுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தலை உண்மையைச் சொல்லிவிட்டது.

ஆனால் ட்ரெய்லர் பொய்யும் சொல்லும். 2018 'இன்ஃபினிட்டி வோர்' ட்ரெய்லரில் வக்காண்டா புல்வெளியில் ஹல்க் மற்றவர்களோடு ஓடி வருவான். படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஆகவே ட்ரெய்லரில் இருப்பது சான்று அல்ல. ட்ரெய்லரில் இடிக்கிற இடம், அதாவது வெற்றிடம், காரணமில்லாத அசைவு, பொருந்தாத நிழல், அதுதான் சான்று.

செயற்கை நுண்ணறிவில் செய்த போலி ட்ரெய்லர்கள் இப்போது வட்ஸ்அப்பில் கொழுந்துக் காலம் மாதிரி குவிகின்றன. பிடிக்கிற வழி சுலபம். மார்வலின் அல்லது டீசீயின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா? விபரப் பகுதியில் 'கொன்செப்ட்' என்ற சொல் ஒளிந்திருக்கிறதா? நடிகரின் குரல் பழைய படத்திலிருந்து வெட்டியதா? நேரத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. கொமிக்-கொன்னில் சனி மாலை 6 மணிக்கு மேடையேறினால் நமக்கு ஞாயிறு காலை 6.30. சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் இருப்பவர்கள், நண்பர் அனுப்பிய துண்டை நம்பாமல், மாலையில் டவுனுக்கு வரும்போது மூலப் பக்கத்தில் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது டூமுக்கு வருவோம். 2025இல் வந்த 'ஃபன்டாஸ்டிக் ஃபோர்' இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த ஒரு நிமிடம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தின் முடிவுப் பெயர்களுக்கு நடுவே, பச்சை அங்கி போட்ட ஒருவன் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை ஃபிராங்க்ளினின் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். 2015 'சீக்ரெட் வோர்ஸ்' கொமிக்ஸில் உலகங்கள் ஒன்றோடொன்று மோதி அழிகின்றன; எஞ்சிய துண்டுகளை ஒட்டி ஒரே உலகமாக்கி டூம் அதற்குக் கடவுளாகிறான்; ஃபிராங்க்ளினின் தாய் சூசன் அங்கே அவனுடைய மனைவி. ஆகவே டூமுக்கு அந்தக் குழந்தை தேவை என்ற ஊகம் வலுவானது. 'டூம்ஸ்டே' வில்லனின் வெற்றியோடு முடியும் என்பதும் அப்படியே. இரண்டு படங்களுக்கு இடையில் ஒரு வருடம் விட்டிருக்கிறார்கள், தோல்வியில் நிறுத்தினால்தான் அந்த இடைவெளிக்கு அர்த்தம்.

டூம் என்பது இன்னொரு உலகத்து டோனி ஸ்டார்க் என்ற ஊகத்தை நான் பலவீனமானதாகவே வைக்கிறேன். சான் டியாகோ மேடையில் அவரை விக்டர் வொன் டூம் என்றே அறிமுகப்படுத்தினார்கள். முக ஒற்றுமையை வைத்து ஒரு காட்சியில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைக் கலங்கடிக்கலாம், அது வேறு. தமிழில் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ்ப் பதிப்பில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். பழகிய குரல் இல்லையே என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். ஆங்கிலத்தில் குரலே டோனியை ஞாபகப்படுத்திவிடும். தமிழ்ப் பதிப்புக்காரர்கள் எந்தக் குரலை டூமுக்கு வைப்பார்கள்?

2027க்குப் பிறகு என்ன என்பதற்கு மார்வல் ஸ்டூடியோவின் தலைவர் கெவின் ஃபைகியே 2025 ஜூலையில் குறிப்புக் கொடுத்துவிட்டார்: எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதில்லை, ஒரே காலக்கோட்டுக்குக் கொண்டுவந்து சீர்செய்வது, எக்ஸ்-மென்னுக்குப் புது நடிகர்கள். எக்ஸ்-மென் படத்துக்கு இயக்குநராக ஜேக் ஷ்ரையரையும் உறுதி செய்தாயிற்று. 'எண்ட்கேம்' வரை சுமார் 50 மணித்தியாலக் கதை, அதன்பிறகு ஆறே வருடத்தில் 100 மணித்தியாலத்துக்கு மேல், அது மிதமிஞ்சிப் போய்விட்டது என்று ஃபைகியே ஒப்புக்கொண்டதும் அப்போதுதான். பழைய கதை தெரியாத ஒரு பிள்ளை நேராக உள்ளே வரக்கூடிய படங்கள்தான் அடுத்த கட்டம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதை மலையாளத்தில் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். 2025 ஒகஸ்டில் வந்த 'லோகா', கள்ளியங்காட்டு நீலி என்ற நாட்டார் கதையை பெங்களூருக்குக் கொண்டுவந்தது. செலவு சுமார் 30 கோடி இந்திய ரூபாய், வசூல் 300 கோடிக்கு மேல். நம் இரண்டரை மடங்கு விதிப்படி 75 கோடியே போதும். இரண்டாம் பாகத்தில் குட்டிச்சாத்தான் முன்னுக்கு வருகிறான். இதைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர், தேயிலை ஃபெக்டரியின் ரோதை முனியையும் கவ்வாத்துச் சாமியையும் வைத்து ஒரு கதை வராதா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். உரிமை யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. நாட்டார் தெய்வத்துக்குச் சோனியுமில்லை, டிஸ்னியுமில்லை. காசும் திகதியும்தான் பாக்கி. இயக்குநர் பெயரோடு யாராவது வந்தால் இரண்டாம் படி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.