பிள்ளைகளின் கவனமும் நாம் பேசும் முறையும்

(மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில், பெற்றோரும் தமிழாசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பெற்றோரிடம் அடிக்கடி சொல்லும் குறை, "உங்கள் பிள்ளைக்குக் கவனம் போதாது" என்பதாகும். கண் பார்வையைப் போலக் கவனமும் பிள்ளையிடம் மட்டுமே இருக்கும் ஒன்று என்று நாம் எண்ணுவதால்தான் இப்படிச் சொல்கிறோம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் கவனம் நிலைப்பதும் கலைவதும், அதனிடம் பேசுகிறவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பெரிதும் பொறுத்தவை. இதையே இன்று வலியுறுத்த விரும்புகிறேன்.

வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலும், பாடநூலில் ஆங்கிலமும், பிரெஞ்சும் பழகும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடவேளையில் இன்னொரு மொழிக்குள் நுழைகிறார்கள். ஆசிரியை ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "மீனவர் எங்கே போகிறார்?" என்று கேட்கிறார். பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையைக் கிரியோலில் கண்டுபிடித்து, அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடும் நேரத்தில் அதன் பார்வை ஜன்னல் பக்கம் திரும்புகிறது. "எங்கே பார்க்கிறாய்? சரி, நீ சொல்லம்மா" என்று கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறது.

அந்தப் பார்வை கவனக்குறைவின் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை. கடினமான கேள்வியை யோசிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பழக்கியபோது அவர்களுடைய விடைகள் மேம்பட்டன என்று ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். "என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்" என்று நாம் அதட்டுவது, யோசிக்கிற பிள்ளையின் வேலையைக் கூட்டுகிறது.

இதைவிட முக்கியமானது நாம் காத்திருக்கும் நேரம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. வழக்கமாக வாய் திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்விகளை அடுக்கடுக்காகத் தொடுத்த வகுப்புகளில் பிள்ளைகள் சீக்கிரமே அமைதியிழந்து கவனம் சிதறினார்கள் என்பதும், காத்திருந்த வகுப்புகளில் ஆசிரியர் கண்டிக்க வேண்டிய தேவை குறைந்தது என்பதும் அவர் கண்டவையே. ஒரு மொழியில் நினைத்து இன்னொரு மொழியில் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று வினாடியும் போதாது என்பது என் கருத்து.

சொல்லாமலே கவனம் பிறக்கும் இடங்களும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள், பாட்டி தென்னை ஓலையைக் கிழித்துப் பின்னிக் காவடி வளைவில் கட்டும்போது, பக்கத்தில் குந்தியிருக்கும் பேரனுக்கு யாரும் "கவனி" என்று சொல்வதில்லை. ஆனாலும் அரை மணி நேரம் கழித்து, அவனாகவே ஓர் ஓலையை எடுத்து மடிக்கத் தொடங்குகிறான். மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவின் மாயா பழங்குடிப் பிள்ளைகளை ஆராய்ந்த மரிசெலா கொர்ரேயா-சாவேசும் பார்பரா ரோகாஃபும் 2009இல் இதற்கு நெருக்கமான ஒன்றைப் பதிவு செய்தார்கள். உடன்பிறந்தவருக்கு ஒரு பொம்மை செய்யக் கற்றுக் கொடுக்கும்போது, தமக்குச் சொல்லப்படாத அந்தப் பாடத்தையும் மரபுவழிக் குடும்பப் பிள்ளைகள் கூர்ந்து பார்த்தார்கள். பின்னர் அதைச் செய்து காட்ட, அமெரிக்கப் பிள்ளைகளைவிட அவர்களுக்குக் குறைந்த உதவியே தேவைப்பட்டது.

சில பிள்ளைகளின் கவனச் சிதறலுக்குக் காது கேட்பதில் உள்ள குறையோ மருத்துவர் பார்க்க வேண்டிய வேறு காரணமோ இருக்கலாம். அதைப் பரிசோதனையால் அறிய வேண்டும், அதட்டலால் அல்ல.

மற்றப் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். "நோட்டை எடு, தேதி போடு, பக்கத்தைத் திருப்பு" என்று மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எழுத்தின் சுழியைச் சொல்லி விளக்குவதற்கு முன், கரும்பலகையில் பேசாமல் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் உடனே "சரி, அடுத்தது" என்று போகாமல் சற்றுப் பொறுங்கள், ஏனெனில் பல பிள்ளைகளின் இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் வருகிறது.