ஏசியில் கேஸ் தீராது! பிறகு ஏன் ஆண்டுதோறும் ஏற்றுகிறீர்கள்?

[திரையில்: குளச்சல். கடலைப் பார்த்த ஒரு மாடிச் சுவர். அதில் ஒரு ஏசி அவுட்டோர் யூனிட்.]

வணக்கம் மக்களே. பங்குனி பிறந்ததும் மெக்கானிக்கை அழைத்து, "கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்றிவிடுங்கள்" என்று சொல்பவரா நீங்கள்? இந்த வீடியோ உங்கள் பணத்தைக் காப்பாற்றும். ஏசி கேஸ் தீரவே தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. தொழிற்சாலையில் ஏற்றிய கேஸ், இயந்திரம் காயலான் கடைக்குப் போகும் நாளிலும் உள்ளே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சர் ஒட்டாமல் காற்றடித்துக்கொண்டே வண்டி ஓட்டுவது போலத்தான்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் உப்பிச் சுருங்க, அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த ஏற்பாட்டிலிருந்து இன்றைய ஏசி வளர்ந்தது. கேஸ் அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே திரவமாகும்போது அதைக் கொட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர். பின்னணி முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒன்றரை டன் ஏசி என்கிறோமே, எது ஒன்றரை டன்? பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எடை அவ்வளவு கிடையாது. ஏசிக்கு முந்தைய காலத்தில் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டி. ஏறத்தாழ 907 கிலோ எடையுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகளில் ஐஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 50 கிலோ கட்டிகளாகக் கணக்குப் போட்டால், உங்கள் படுக்கையறை ஏசி முழு வேகத்தில் ஒரு நாள் ஓடுவது, 27 கட்டிகளை அறைக்குள் அடுக்கி உருகவிடுவதற்குச் சமம். ஒரு மனிதர் தூங்க 27 கட்டி ஐஸ்! மீனுக்குக்கூட இவ்வளவு உபசாரம் கிடைப்பதில்லை.

[திரையில்: ஃபின் தகடுகள், மிக அருகில்.]

சரி, ஓட்டைக்கு வருவோம். வேலூர், திருத்தணி வெயிலோடு ஒப்பிட்டால் நம் கன்னியாகுமரி மாவட்டம் சொர்க்கம். ஆனால் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கரையோரம் முழுக்க உப்புக் காற்று. அவுட்டோர் யூனிட்டின் காயிலில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். உப்பு ஈரம் நடுவில் புகுந்தால் அந்த ஜோடியே ஒரு பேட்டரியாகிவிடும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். இந்தத் தகட்டின் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. விரலால் லேசாக அழுத்தினால் உதிர்கிறது. குழாயும் அலுமினியமாக இருந்துவிட்டால் அதுவும் அரிக்கப்பட்டு ஓட்டை விழலாம். கடலோர வீட்டுக்குக் காயில் செம்பா என்று கேட்காமல் ஏசி வாங்காதீர்கள், இது என் கருத்து. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது காயிலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் நல்லது. நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோர ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை அடித்துவிட்டு, கழுவியும் அரிக்கிறதே என்று மெக்கானிக்கைத் திட்டக் கூடாது.

குழாயில் பனி படிந்தாலே கேஸ் குறைவு என்று முடிவு கட்டுபவரிடமும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் பனி படியும்.

இனி கைத்திறன். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண ஒரே இடம், அவர் செம்புக் குழாயை வெட்டும் இடம். ஹாக்ஸா பிளேடை எடுத்தால் பயப்படுங்கள். கட்டர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்குபவர் தொழில் தெரிந்தவர். வெட்டியதும் குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறு சுரண்டுவார். துகள் உள்ளே விழுந்தால் பின்னாளில் அடைப்பு. பிறகு முதலில் நட்டை மாட்டுவார், அதன் பிறகுதான் வாயைப் புனல் வடிவில் விரிப்பார். மாற்றிச் செய்தால் நட்டு உள்ளே போகாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். விரித்த வாயில் கீறல் இல்லையா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கையால் முறுக்கிய பிறகே ஸ்பேனரை எடுப்பார். பலம் காட்டி இறுக்கினால் அந்த மெல்லிய செம்பு கிழிந்துவிடும்.

ஓட்டை தேடுவதற்கு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவுவார்கள். நைட்ரஜன் கைவசம் இல்லை என்று யாராவது ஆக்சிஜனை ஏற்ற வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

[திரையில்: வேக்யூம் பம்ப், அதன் பக்கத்தில் மைக்ரான் கேஜ்.]

இப்போது வேக்யூம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. பலர் தவிர்க்கும் வேலை. எனக்கோ இதைவிட அழகான வேலை வேறில்லை. குழாயைப் பொருத்தியதும் உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸர் மோட்டாரின் சுற்றுக்கம்பிகளைத் தின்னும். துணி விட்டுத் துடைக்க முடியாத அந்தக் குழாயிலிருந்து ஈரத்தை எப்படி எடுப்பது? தண்ணீரைக் கொதிக்க வைத்து! அடுப்பு இல்லாமல்! வேக்யூமில் அழுத்தத்தை மைக்ரான் என்ற அலகில் அளப்பார்கள்; நாம் வாழும் காற்றின் அழுத்தம் அந்தக் கணக்கில் 7,60,000. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச அது குறைகிறது. ஏறத்தாழ 32,000 மைக்ரானுக்கு வந்ததும், 30 டிகிரி அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. தக்கலையில் ஒரு மாடிச் சுவரில், தொட்டால் சுடாத குழாய்க்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கேஜ் 500க்குக் கீழே வரும்வரை மெக்கானிக் காத்திருக்கிறார். தொடக்கத்தில் இரைந்த பம்ப் மெல்ல மெல்ல அடங்குகிறது.

இன்னும் சுவையான கட்டம் இருக்கிறது. வால்வை மூடிவிட்டுக் கேஜைப் பார்க்கிறார். எண் சற்று ஏறி நின்றுவிட்டால், ஈரம் மிச்சம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், ஓட்டை. அசையாமல் இருந்தால் கேஸ் ஏற்றலாம். குழாய்க்குள் எட்டிப் பார்க்காமலேயே நோய் தெரிந்துவிட்டது. நாடி பிடிக்கும் வைத்தியர்கள் மன்னிக்கட்டும்.

இதற்கெல்லாம் நேரமாகும். அவசரக்காரர்கள் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளி, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். அறை அன்று குளிரும். அதுதான் ஏமாற்று.

கேஸ் ஏற்றும்போது தராசு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டிய தகட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆர்-22 என்ற கேஸில் ஓடும் பழைய இயந்திரத்தில் ஆர்-32 என்ற கேஸை ஏற்றக் கூடாது. ஆர்-32க்கு அழுத்தம் மிக அதிகம், லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. உள்ளே கேஸ் இருக்கும்போது குழாயில் நெருப்பு வைத்து வெல்டிங் செய்வதை எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாது.

ஹீட்டிங்? கேஸ் ஓடும் திசையை ஒரு வால்வு மாற்றினால் அதே இயந்திரம் அறையைச் சூடாக்கும். நாகர்கோவிலில் அதை யாராவது பயன்படுத்தினால் எனக்குச் சொல்லுங்கள், நேரில் வந்து பேட்டி எடுக்கிறேன்.

பல்லியையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் கதகதப்புக்காக அவுட்டோர் யூனிட்டின் மின்பலகைக்குள் நுழைந்து, இரண்டு முனைகளைத் தொட்டுவிடும். பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் தலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். மின்பலகைக்குப் போடவில்லை, நான் சொல்கிறேன், தன விரயம்.

உங்கள் வீட்டில் ஏசி மாட்டியபோது வேக்யூம் பம்ப் ஓடியதா, எவ்வளவு நேரம் ஓடியது? ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். மெக்கானிக் நண்பர்கள் நான் விட்டதைச் சேர்த்து எழுதுங்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம்மிடையே ஏராளம், 50 டிகிரி வெயிலில் கம்ப்ரஸரைக் காப்பாற்றிய கதை உங்களிடம்தான் இருக்கும். அடுத்த வீடியோவில் அம்மோனியாவில் ஓடும் ஐஸ் ஆலைக்குள் போகிறோம். நாற்றத்துக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.