விளிம்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு வார்த்தைய வச்சுதான் பேசப் போறேன். இங்கிலீஷ்ல ‘வெர்ஜ்’னு சொல்றாங்களே, விளிம்பு, ஓரம், தறுவாய்னு எல்லாத்துக்கும் அதுதான், அத இத்தாலியன்ல எப்படிக் கொண்டு போறதுன்னு. டிக்‌ஷனரியத் திறந்தா மொதல்ல ‘ஓர்லோ’ன்னு இருக்கும். நம்ம ஓரம் மாதிரியே காதுல விழும், ஆனா ரெண்டுக்கும் உறவு கிடையாது, லத்தீன்ல ‘ஓரா’ன்னா விளிம்பு, கரை, அது குறுகி வந்ததுதான் ஓர்லோ.

நான் மொழிபெயர்ப்பு பழகிட்டு இருந்த காலத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ஒருத்தர் பல வருஷம் உழைச்சு வெற்றியோட வெர்ஜ்ல நிக்கிறார்னு ஒரு வரி. நான் யோசிக்கவே இல்ல, ‘சுல்லோர்லோ தெல் சுச்செஸ்ஸோ’ன்னு எழுதிட்டேன். திருத்திக் கொடுத்தவங்க இத்தாலிக்கார அம்மா ஒருத்தங்க, பக்கத்து ஓரத்துல பென்சிலால ஒரே கேள்விதான் எழுதியிருந்தாங்க: “இவரு வெற்றிக்குள்ள விழப் போறாரா?” ஏன்னா ஓர்லோல நிக்கிறவன் விழப் போறவன். திவாலாகப் போற கம்பெனி ஓர்லோல நிக்கும், போருக்குப் போற நாடு ஓர்லோல நிக்கும், அழுகை முட்டிக்கிட்டு நிக்கிற ஆளும் அங்கதான். ஜெயிக்கப் போறவன அங்க நிறுத்தக் கூடாது. அவனுக்கு ‘ஆ உன் பாஸ்ஸோ’, அதாவது ஒரே ஒரு அடி தூரம்னு சொல்லணும். ஒரு புது காலம் பொறக்கப் போகுதுன்னா ‘சோல்யா’, வாசப்படி.

இங்கிலீஷ்காரன் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு நிம்மதியா போயிடுறான். இத்தாலியன்ல எழுதுறவன் மொதல்ல எட்டிப் பாத்தாகணும், அந்தப் பக்கம் பள்ளமா, வாசலான்னு. அதத் தெரிஞ்சுக்காம ஒரு வார்த்தை கூட எழுத முடியாது.

ஓர்லோவக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. பாவாடையோட கீழ் மடிப்பு ஓர்லோ. கண்ணாடி டம்ளரோட வாய் விளிம்பும் ஓர்லோ. நம்ம மொழியில சேலைக்கும் கரை, ஆத்துக்கும் கரைன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி துணியும் பள்ளமும் ஒரே வார்த்தைக்குள்ள இருக்கு. ‘சீல்யோ’ன்னு இன்னொண்ணு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. அதுக்கு மொத அர்த்தம் கண்ணிமை முடி. ரோட்டோரமும் சீல்யோதான், மலைப்பள்ளத்தோட விளிம்பும் சீல்யோதான். பன்மைல மட்டும் பிரிஞ்சு போயிடும், இமை முடின்னா ‘சீல்யா’, ரோட்டோரம்னா ‘சீல்யி’. ஒரு எழுத்து மாறினா ரோட்டோரத்துல கண்ணிமை முளைச்சிடும், அதனால இத எழுதுறப்ப ரொம்ப கவனமா இருக்கணும்.

இன்னொரு சிக்கல், பிரிட்டன்ல ரோட்டுக்குப் பக்கத்துல புல்லு வளந்து கிடக்குற பட்டையையும் வெர்ஜ்னுதான் சொல்றாங்க. அங்க ஓர்லோன்னு எழுதினா வண்டி பள்ளத்துல விழப் போற மாதிரி ஆயிடும். இத்தாலியோட 1992 சாலைச் சட்டத்துல ‘பங்கீனா’ன்னு ஒரு சொல் இருக்கு, வண்டி ஓடுற பகுதியோட ‘மார்ஜினே’ல ஆரம்பிச்சு நடைபாதையோ பள்ளத்தோட சீல்யோவோ எது பக்கத்துல இருக்கோ அது வரைக்கும்னு அதுக்கு விளக்கம் குடுத்திருக்காங்க. பாத்தீங்களா, ஒரு விளிம்ப விளக்க இன்னும் ரெண்டு விளிம்பு வேண்டியிருக்கு. ஆனா அதே பங்கீனா ரயில்வே பிளாட்பாரத்துக்கும் பேரு, அதனால கதைல வந்தா ரோட்டுக்கு நடுவுல வாசகருக்கு ரயில் ஞாபகம் வரலாம். சட்டத்துக்கு சரி, கதைக்கு நான் சீல்யோதான் போடுவேன்.

வெர்ஜ்ங்கிற வார்த்தையோட வேரப் பிடிச்சு ஏறலாம்னு சிலர் நெனைப்பாங்க. வேர் லத்தீன் ‘விர்கா’, குச்சி. இங்கிலாந்துல அரச மாளிகை அதிகாரி கையில கோல் வச்சிருப்பார், அரசவையச் சுத்தி 12 மைல் அவரோட அதிகாரம் செல்லும், அந்த வட்டாரமே வெர்ஜ் ஆச்சு, அப்புறம் அந்த எல்லை, அப்புறம் எந்த எல்லையும். இத்தாலியன்ல அதே வேர்ல ‘வெர்கா’ இருக்கு, ஆனா அது குச்சியாவே நின்னுடுச்சு, விளிம்பா மாறவே இல்ல. வேர் ஒண்ணா இருந்தா போதும்னு நம்பினா இப்படித்தான் ஆகும்.

ஒரே பேச்சுல ரெண்டு விளிம்பு வந்தா என்ன பண்றது? 1956ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், லைஃப் பத்திரிகைல சொன்னது, போருக்குள்ள போகாம அதோட வெர்ஜ் வரைக்கும் போறதுதான் தேவையான கலைன்னு. ரெண்டு வாக்கியம் தள்ளி, ‘பிரிங்க்’ வரைக்கும், அதுவும் விளிம்புதான், போகப் பயந்தா தொலைஞ்சோம்ங்கிறார். வார்த்தைய மாத்திட்டார். ரெண்டுக்கும் ஓர்லோன்னு போட்டா அந்த மாத்தம் செத்துப் போயிடும். என்னைக் கேட்டா மொதல்ல சோல்யா, அப்புறம் ஓர்லோ. வாசல் வரைக்கும் போறதுல ஆரம்பிச்சு பள்ளத்துல முடியட்டும்.

பல நேரம் பெயர்ச்சொல்லே வேண்டாம். மழை வரப் போகுதுன்னு நம்ம சொல்றது மாதிரி ‘ஸ்தாரே பெர்’னு ஒரு வினை வடிவம் இருக்கு, அது போதும். அதவிட அழகானது ‘லீ லீ பெர்’, ‘அங்க, அங்க’ன்னு அர்த்தம், அழுகை இதோ இதோன்னு வந்து நிக்குது பாருங்க, அதுக்கு.

கடைசியா இத்தாலியக் கவிஞர் தாந்தே. அவரோட ‘தெய்வீக நாடகம்’ காவியத்துல நரகப் பகுதியோட நாலாவது காண்டம், இடி கேட்டு முழிச்சு எழுந்து பாக்குறார், துயரப் பள்ளத்தோட ‘ப்ரோதா’ல தான் நிக்கிறதா சொல்றார். 1867ல அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ இங்கிலீஷ்ல அதுக்கு வெர்ஜ்னு போட்டார், சரியாவே போட்டார். ஆனா ப்ரோதா லத்தீன் ‘ப்ரோரா’ல இருந்து வந்தது, படகோட முன்மூக்கு. அதுக்கு முந்தின காண்டத்துல தாந்தே ஆத்தங்கரையில மயங்கி விழுந்தார், எப்படி அக்கரைக்கு வந்தார்னு கவிதை சொல்லவே இல்ல. எனக்கு அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு படகு தெரியுது. லாங்ஃபெல்லோவோட வெர்ஜ மறுபடி இத்தாலியனுக்குக் கொண்டு வந்தா ஓர்லோதான் வரும், படகு வராது. அங்க நின்னு தாந்தே கீழ உத்துப் பாக்குறார், இருட்டு, ஆழம், மூடுபனி, ஒண்ணுமே தெரியல, புலம்பல் சத்தம் மட்டும் மேல வருது.