படம் பார்க்கப் பழகும் மூன்று ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் ரேடியோ டயக்னோசிஸ் துறையில் எம்.டி. சேர முயலும் இளம் மருத்துவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநிலத்துக்கு. இடம் ஒதுக்கும் இந்த இரண்டு கவுன்சலிங்குக்கும் தனித்தனியே பதிய வேண்டும். அங்கே பலர் செய்யும் தவறு, 'நம் ரேங்குக்கு இது எங்கே கிடைக்கப்போகிறது' என்று பிடித்த கல்லூரியை விருப்பப் பட்டியலில் கீழே தள்ளிவிடுவது. பட்டியலை மேலிருந்துதான் பார்த்து ஒதுக்குகிறார்கள். முதலில் எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்தது பறிபோகாது. ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள்.

அதற்கு முன், அங்கே படிப்பவர்களிடம் ஒன்று விசாரியுங்கள்: இரவில் வரும் சி.டி. ஸ்கேனுக்கு முதல் ரிப்போர்ட்டை எழுதுவது யார்? பி.ஜி. மாணவர் எழுதி, பேராசிரியர் திருத்துகிறார் என்றால் நல்ல இடம். எம்.ஆர்.ஐ. எத்தனை டெஸ்லா, அதாவது அதன் காந்தம் எவ்வளவு வலியது என்பதெல்லாம் பிறகு.

ஏனென்றால், இந்தப் படிப்பில் கண் ஏமாறும். விபத்தில் அடிபட்டவரின் நெஞ்சு எக்ஸ்ரே வருகிறது. ஐந்தாவது விலா எலும்பு முறிந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் தேடல் நின்றுவிடுகிறது. அதே படத்தில், நுரையீரல் உச்சியில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் ரத்தக்குழாய் நிழலே இல்லை. அதுதான் நியூமோதோராக்ஸ், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருப்பது. விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே எது கண்ணில் பட்டாலும், படம் பார்க்கும் வழக்கமான வரிசையை முடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். கடைசியில் நான்கு இடங்களுக்குத் திரும்புங்கள்: நுரையீரல் உச்சிகள், ஹைலம் (நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் நுழையும் இடம்), இதயத்தின் பின்புறம், உதரவிதானத்தின் கீழே. சீனியரின் ரிப்போர்ட்டைத் திறக்குமுன் உங்கள் முடிவை எழுதிவிடுங்கள். அறுவை சிகிச்சையில் என்ன இருந்தது என்று பிறகு வார்டில் போய்க் கேளுங்கள்.

உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணியுங்கள். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும், தொங்கவிடுங்கள்.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் அதற்கான சட்டப் பதிவான எஃப் படிவத்தை அப்போதே முழுமையாக நிரப்புங்கள். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில் உள்ள குறையே மீறலாகக் கருதப்படும். மாலையில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஸ்கேனுக்கான காரணத்தை எழுத வேண்டிய கட்டம்தான் பெரும்பாலும் காலியாக நிற்கும்.

நன்றி, வணக்கம்.