பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட மாட்டோம்

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் நிதி திரட்டும் விழா என்று போட்டிருக்கிறோம், அதனால் அப்பாவையோ அம்மாவையோ இழந்த ஒரு பிள்ளையை எப்போது இந்த மேடையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று சிலர் பார்த்துக்கொண்டிருக்கலாம். நிறுத்த மாட்டோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்து நாற்காலியில்கூட இருக்கலாம், யார் என்று சொல்லப்போவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் வேறு ஊரில் இதே மாதிரி ஒரு விழா. நாலாவது படிக்கிற பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, "அம்மாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு பாப்பா" என்றார்கள். அது மைக் ஒயரைத் திருகிக்கொண்டே நின்றது. அப்புறம் "அம்மா நல்லா முறுக்கு சுடுவாங்க" என்றது. முன்வரிசையில் யாரோ விசும்ப, அதைப் பார்த்துக் குழந்தையும் அழ, வசூல் கொட்டியது. அந்தப் பணத்தில் நல்லதுதான் நடந்திருக்கும். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்?

சரி, அரசாங்கம்தான் பணம் கொடுக்கிறதே, நீங்கள் எதற்கு என்று கேட்கிறீர்கள். கொடுக்கிறது. கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. 2025இல் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வந்தது. நல்ல விஷயம், அரிசிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு அந்த வீட்டில் நடப்பதற்குத்தான் திட்டம் எதுவும் கிடையாது.

என்ன நடக்கிறது? கொள்ளி வைத்த பதினோரு வயதுப் பையனிடம் "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள, அழக் கூடாது" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவன் நிஜமாகவே அழுவதை நிறுத்திவிடுகிறான். சின்னதுக்கு "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைக்கிறோம், அது வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறது. செத்துப்போயிட்டார், திரும்பி வர மாட்டார் என்று நேராகச் சொல்லுங்கள். அஞ்சு வயதுக்குக் கீழே என்றால் திரும்பத் திரும்பக் கேட்கும், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் அழுதுவிட்டு விளையாட ஓடும், உடனே "பாரு, அதுக்கு ஒண்ணும் தெரியல" என்போம். தெரியும். சின்னப் பிள்ளையால் துக்கத்தை அவ்வளவு நேரம்தான் சேர்ந்தாற்போல் தாங்க முடியும். வருஷங்கள் கழித்து, சடங்கு வைக்கும்போதோ பத்தாவது ரிசல்ட் வரும்போதோ அது புதுசாகவே வந்து நிற்கும்.

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரில் 1982இல் தொடங்கிய டகி சென்டர், இப்படித் துக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காகவே இருக்கிற இடம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், பேசப் பிடிக்காத பிள்ளை "நான் பேசல" என்று சொல்லிவிடலாம். அங்கே எரிமலை அறை என்று ஒன்று, சுவரெல்லாம் மெத்தை. கோபம் வந்தால் போய் உதைக்கலாம், கத்தலாம். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்கு அப்புறம் அஷினாகா என்ற அமைப்பு அங்கே கட்டிய வானவில் இல்லத்திலும் அப்படி ஓர் அறை உண்டு. அஷினாகாவுக்காக ரயில் நிலைய வாசல்களில் உண்டியலோடு நிற்கிறவர்களில் பலர் பெற்றோரை இழந்து அதன் உதவியில் படிக்கிற மாணவர்கள். அப்படியானால் அதுவும் பிள்ளையை மேடையில் நிறுத்துவதும் ஒன்றுதானே என்றால், இல்லை. அவர்கள் வளர்ந்தவர்கள், தாங்களாக வந்து நிற்கிறார்கள்.

நாங்கள் கேட்பது கட்டடம் இல்லை. கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது, பெயரைக் கல்லில் பொறிக்கலாம். நம்ம பிள்ளைகளும் இப்படிக் கூடி உட்கார எங்களுக்கு வாடகைக்கு ஓர் அறை, சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவருக்குச் சம்பளம், கூட்டிக்கொண்டு வருகிற பாட்டிக்கோ சித்திக்கோ பஸ் காசு. சம்பளத்துக்குக் கொடு என்றால் நம்மவர்கள் முகம் சுருங்கும், பரவாயில்லை, சுருங்கிய முகத்தோடே கொடுங்கள்.

சாப்பாடு கீழ்த்தளத்தில். வாசலில் உண்டியல் இருக்கிறது, ஜிபே அட்டையும் ஒட்டியிருக்கிறது. வரிச்சலுகைக்கு ரசீது வேண்டுமானால் பான் எண் எழுதிக் கொடுங்கள்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது, அதனால் பெரிய மனசுக்காரர்கள் செக்காகவே போட்டுவிடுங்கள்.